கியூபெக்கில் ஆங்கிலம் கேட்க வாய் போதாது, காகிதம் வேண்டும்

கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சமமான அரச மொழிகள் என்று எங்கேயோ படித்துவிட்டு, அதை நம்பி மொன்றியலில் வீடு எடுக்கிறவர்கள்தான் கூடுதலாக அலைகிறார்கள். அந்தச் சமத்துவம் மத்திய அரசு தருவது. மாகாணம் வேறு கதை. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 1974 முதல் அரச மொழி பிரெஞ்சு மட்டுமே. 1977இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனத்தை ஊரில் எல்லாரும் 'பில் 101' என்பார்கள். 2022இல் 'பில் 96' அதை இன்னும் இறுக்கியது. வரலாறு இவ்வளவு போதும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பள்ளிக்கூட விதி முக்கியமாக நம்மைப் போன்ற குடிவரவாளரின் பிள்ளைகளை நினைத்து எழுதப்பட்டது. 1969இல் மொன்றியலை ஒட்டிய சென்லெயோனாரில் இத்தாலியக் குடும்பங்கள் பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிப்பிக்க வேண்டும் என்று நின்றபோது கலவரம் வெடித்தது. வட அமெரிக்காவின் ஆங்கிலக் கடலுக்குள் தங்கள் மொழி கரைந்துவிடும் என்ற பயம் பிரெஞ்சுக்காரருக்கு. 1956ஐ மறக்காத நம்மவர்கள் இதைக் கேட்டதும் தனிச் சிங்களச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பேசத் தொடங்குவார்கள். பேசட்டும். ஆனால் வாதத்தில் வென்றால் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காது.

முதலில் பள்ளிக்கூடம். சிக்கல்களில் பாதிக்கு மேல் அங்கேதான்.

அரசுப் பணம் வாங்கும் எந்த ஆங்கிலப் பள்ளியிலும், அது பொதுப் பள்ளியோ மானியம் பெறும் தனியார் பள்ளியோ, பிள்ளையைச் சேர்க்க 'தகுதிச் சான்றிதழ்' வேண்டும். கியூபெக் கல்வி அமைச்சு அதைக் கொடுக்கிறது. விண்ணப்பம் ஆங்கிலப் பள்ளி அல்லது அதன் பள்ளிச் சபை வழியாகப் போகும். தகுதி இரண்டு வழியில் வரும். தாய் அல்லது தகப்பன் கனேடியக் குடியுரிமை உள்ளவராக இருந்து, கனடாவில் தான் படித்த ஆரம்பக் கல்வியின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் படித்திருக்க வேண்டும். அல்லது தாயோ தகப்பனோ குடியுரிமை பெற்றவராக இருக்க, பிள்ளை கனடாவில் இதுவரை படித்ததில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது வழியில் ஒரு பிள்ளைக்குத் தகுதி வந்தால் அதன் சகோதரங்களுக்கும் வரும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒவ்வொரு சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது.

'கனடாவில்' என்றால் கனடாவில்தான். யாழ்ப்பாணத்தில் ஆங்கில மீடியத்தில் படித்தேன், சென்னையில் கான்வென்டில் படித்தேன், லண்டனில் ஜி.சி.எஸ்.இ. செய்தேன் என்பதெல்லாம் ஒரு சதத்துக்கும் உதவாது. வீட்டில் ஆங்கிலம் பேசுகிறோம் என்பதும் கணக்கில் இல்லை. கனடாவின் மற்ற மாகாணங்களில் தாய்மொழியை வைத்துச் சிறுபான்மை மொழிப் பள்ளி கேட்கலாம். 1982 அரசியலமைப்பின் அந்த வரி கியூபெக்கில் மட்டும் நடைமுறையில் இல்லை. அதை ஒரு தவறாக நினைத்து மனுக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறு இல்லை, அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

'ஆரம்பக் கல்வி' என்பது அடுத்தது. சிறு வயதிலேயே ரொறன்ரோவுக்கு வந்து அங்கே ஆரம்பப் பள்ளியில் சில வருடமாவது இருந்தவருக்கு வழி உண்டு. ஊரில் படித்த வருடங்களை இந்தக் கணக்கில் எடுப்பதில்லை என்பது இங்கே நல்லதுக்கு. பதினைந்து வயதில் வந்து நேரே உயர்பள்ளிக்குப் போய், பிறகு யோர்க் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்தவருக்கு இந்த வழி கிடையாது. பட்டத்தைத் தூக்கிக் காட்டிச் சண்டை பிடிப்பார்கள். கவுண்டரில் இருப்பவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

எல்லாவற்றிலும் கொடுமையானது 'குடியுரிமை'. பி.ஆர். எனும் நிரந்தர வதிவுரிமை போதாது. ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் மகள் நாலாம் வகுப்பு வரை ஆங்கிலத்தில் படித்திருக்கிறாள். தகப்பனுக்கு மொன்றியலில் வேலை கிடைக்கிறது. குடியுரிமை விண்ணப்பம் போட்டாயிற்று, இன்னும் சத்தியப்பிரமாணம் ஆகவில்லை. குடும்பம் மாறி வருகிறது. தகுதி இல்லை என்பதால் பிள்ளை பிரெஞ்சுப் பள்ளிக்குப் போகிறாள். இனிமேல் ஒவ்வொரு வருடமும் அவளுடைய பிரெஞ்சுப் பக்கம் கூடிக்கொண்டே போகும், ஆங்கிலத்தின் பங்கு குறைந்துகொண்டே வரும். தகப்பன் கையில் குடியுரிமைச் சான்றிதழ் வரும் நேரத்தில் 'பெரும்பகுதி' என்ற தகுதி கையை விட்டுப் போயிருக்கலாம். வேலை இரண்டு மாதம் காத்திருக்கும் என்றால் குடியுரிமையை எடுத்துக்கொண்டு மாறுங்கள். ஏற்கனவே குடியுரிமை இருந்தால், வந்து இறங்கிய கிழமையே விண்ணப்பத்தைப் போடுங்கள். 'முதலில் பக்கத்துப் பிரெஞ்சுப் பள்ளியில் ஒரு வருடம் இருக்கட்டும், பிறகு பார்ப்போம்' என்று சொல்லும் உறவினரின் பேச்சைக் கேட்காதீர்கள். ஒன்ராறியோவில் கிண்டர்கார்டன் மட்டும் முடித்த பிள்ளையை வைத்து இந்தக் கணக்குப் போடவும் வேண்டாம்.

வேலை அனுமதி, படிப்பு அனுமதி உள்ளவர்களுக்குத் தற்காலிக அனுமதி என்று ஒன்று இருக்கிறது. பில் 96க்குப் பிறகு அது அதிகபட்சம் மூன்று வருடம், புதுப்பிக்க முடியாது. அந்த மூன்று வருட ஆங்கிலப் படிப்பு பின்னால் உரிமையாக மாறாது, சகோதரத்துக்கும் போகாது. ஆறாம் வகுப்பில் ஆங்கிலத்தை விட்டுவிட்டு நேரே பிரெஞ்சுக்குள் விழும் பிள்ளையின் பாட்டை யோசித்துவிட்டு இதைக் கேளுங்கள். மானியம் வாங்காத தனியார் ஆங்கிலப் பள்ளிக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் கட்டணம் கடுமையானது. அங்கே கொஞ்ச காலம் படிப்பித்துவிட்டு உரிமை வாங்கும் குறுக்கு வழியை 2002இல் அடைத்தார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த அடைப்பைச் செல்லாது என்றது. 2010இல் புள்ளிக் கணக்கு ஒன்றை வைத்து மறுபடி இறுக்கினார்கள். அதை ஒரு திட்டமாகச் சொல்லிப் பணம் கேட்கும் 'ஆலோசகர்' வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

காகிதங்களுக்கு வருவோம். பெற்றோர் பெயர் உள்ள பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், குடியுரிமை ஆவணம், கியூபெக்கில் வசிப்பதற்கான ஆதாரம், படித்த பள்ளிகளின் தேர்ச்சி அறிக்கைகள் அல்லது பள்ளியே எழுதிக் கொடுக்கும் கடிதம். கடைசியில்தான் பலர் மாட்டுகிறார்கள். எந்த வகுப்பு, எந்த வருடம், எந்த மொழியில் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். 'இந்த மாணவர் எங்கள் பள்ளியில் படித்தார்' என்று ஒற்றை வரியில் வரும் கடிதம் திரும்பி வரும். பழைய பள்ளி மூடப்பட்டிருந்தால் அந்த ஊர்ப் பள்ளிச் சபையிடம் கேளுங்கள், பதிவேடு அவர்களிடம் இருக்க வேண்டும். ஜூலையில் கேட்டால் தொலைபேசி எடுக்க ஆள் இருக்காது. ஒன்ராறியோவை விட்டு வெளிக்கிட முதலே வாங்கி வையுங்கள். மறுத்து முடிவு வந்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கான கெடு கடிதத்திலேயே இருக்கும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் விடப் போகிறீர்கள் என்றாலும், தகுதி இருந்தால் சான்றிதழை எடுத்து வையுங்கள். தற்காலிகமாகக் கொடுத்ததைத் தவிர, சான்றிதழ் கிடைத்த பிள்ளை ஆங்கிலத்தில் படித்ததாகவே சட்டம் கணக்கில் எடுக்கும், அந்தத் தகுதியைத் தன் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். உயர்பள்ளிக்குப் பிறகு வரும் கியூபெக் கல்லூரியான செசெப்புக்கு மொழித் தடை இல்லை என்பது உண்மை. ஆனால் ஆங்கிலச் செசெப்புகளுக்கு மொத்த மாணவரில் 17.5 சதவீதம் என்று பில் 96 உச்சவரம்பு வைத்திருக்கிறது, முன்னுரிமை சான்றிதழ் உள்ளவருக்கு. மாகாண அலுவலகங்களில் ஆங்கிலம் கேட்கவும் அதே சான்றிதழ் உதவும்.

அலுவலகங்களில் நடக்கும் கூத்து தனி. 2023 ஜூன் 1 முதல் கியூபெக் அரசு அலுவலகங்கள் பிரெஞ்சில் மட்டுமே பேசவும் எழுதவும் வேண்டும். விலக்கு சிலருக்கு: ஆங்கிலக் கல்வித் தகுதி உள்ளவர், பழங்குடி மக்கள், வந்து ஆறு மாதம் ஆகாத குடிவரவாளர், 2021 மே 13க்கு முன் அரசு ஆங்கிலத்தில் மட்டுமே கடிதம் எழுதிவந்தவர். உடல்நலம், பொதுப் பாதுகாப்பு, இயற்கை நீதி என்று வரும் இடத்திலும் ஆங்கிலம் பேசலாம். '2021 மே 13க்கு முன் எனக்கு ஆங்கிலத்தில்தான் கடிதம் வந்தது, நான் விலக்கில் இருக்கிறேன்' என்று நம்பியிருப்பவர்கள் கவனியுங்கள்: குடிவரவாளர் என்ற காரணத்துக்காக அப்போது ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அது இந்த விலக்கில் சேராது. நம்மவரில் கன பேர் இங்கேதான் விழுகிறார்கள். ஆறு மாதத்தில் யார் பிரெஞ்சு படித்து முடித்தார் என்று சட்டம் எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும். மூன்று வேலை செய்யும் மனுசரை அவர் பார்த்ததே இல்லைப் போலும்.

பல இடங்களில் நீங்கள் விலக்குக்குள் வருகிறீர்களா என்று உங்கள் வாய்ச்சொல்லை வைத்தே நம்புகிறார்கள். தகுதி இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இல்லாமல் பொய் சொல்லச் சொல்லி நான் சொல்லமாட்டேன்.

அதைவிட முக்கியம், எந்தக் கவுண்டர் யாருடையது என்று தெரிந்துகொள்வது. சேர்விஸ் கனடா மத்திய அரசு, சேர்விஸ் கியூபெக் மாகாணம். பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றில் கிடைத்த ஆங்கிலத்தை மற்றதிலும் எதிர்பார்த்துச் சண்டை போடுகிறார்கள். பாஸ்போர்ட், சின் எனும் சமூகக் காப்புறுதி இலக்கம், வேலையில்லாக் கொடுப்பனவு, முதியோர் பாதுகாப்புப் பென்சன், மத்திய வரி, குடியுரிமை எல்லாம் மத்திய அரசு. அங்கே மொன்றியலில் ஆங்கிலம் உங்கள் உரிமை, காரணம் சொல்லத் தேவையில்லை. மறுத்தால் அரச மொழிகள் ஆணையரிடம் இலவசமாக முறையிடலாம். ஆனால் அவர் மொழி விடயத்தைத்தான் பார்ப்பார், உங்கள் கோப்பு அதனால் வேகமாக நகராது. மருத்துவ அட்டை, ஓட்டுநர் அனுமதி, சமூக உதவி, கியூபெக் வரி, கியூபெக் பென்சன் எல்லாம் மாகாணம். மற்ற மாகாணங்களில் வேலையில்லாக் காப்புறுதியோடு வரும் மகப்பேற்றுக் கொடுப்பனவு இங்கே மாகாணத்தின் தனித் திட்டம். சேர்விஸ் கனடா வரிசையில் கைக்குழந்தையோடு நின்றுவிட்டு, இடம் மாறி வந்தோம் என்று கடைசியில் அறிகிற தாய்மாரை என்ன சொல்ல.

மாகாணக் கடிதம் பிரெஞ்சில் வந்தால் விளங்கவில்லை என்று லாச்சிக்குள் போடாதீர்கள். நீங்கள் வாசிக்கவில்லை என்பதற்காகக் கெடு நிற்காது. தொலைபேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்தாவது திகதியையும் தொகையையும் கண்டுபிடியுங்கள். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதும் இதே கவனம் வேண்டும். அச்சிட்ட ஒப்பந்தங்களுக்கு முதலில் பிரெஞ்சுப் பிரதியைக் கொடுக்க வேண்டும், பிறகுதான் இரு தரப்பும் ஆங்கிலத்துக்கு மாறலாம். வாடகை வழக்கு வந்தால் தீர்ப்பாயத்தில் ஆங்கிலம் பேசும் உரிமை உண்டு, அது 1867 அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்தவர் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாட்டை விசாரணைக்கு முன்பே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அகதிக் கோரிக்கை விசாரணை மத்திய அரசினது. மொழிபெயர்ப்பாளரை அவர்களே இலவசமாகத் தருவார்கள், வழக்கு ஆங்கிலத்திலா பிரெஞ்சிலா என்று தெரிவு செய்வது நீங்கள். படிவத்தில் உங்களைக் கேட்காமலே வழக்கறிஞர் அலுவலகம் பிரெஞ்சைக் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். நடக்கிறது.

மருத்துவமனையில் பயப்படாமல் ஆங்கிலம் பேசுங்கள். 2024 கோடையில் வந்த ஒரு வழிகாட்டல் எல்லாரையும் கலங்கடித்தது, பிறகு அரசே அதைத் திருத்தி, சிகிச்சைக்கு யாரும் சான்றிதழ் காட்டத் தேவையில்லை என்றது. ஒரே ஒரு வேண்டுகோள்: பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் மறித்து, அம்மாவின் புற்றுநோய் முடிவை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லி, கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

குடியுரிமைக்குப் பிரெஞ்சு கட்டாயம் என்ற புரளி கியூபெக்கில் அடிக்கடி கிளம்பும். இல்லை. 18 முதல் 54 வயதுவரை ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு, ஏதாவது ஒன்றில் நாலாம் நிலைக்குப் பேசவும் கேட்கவும் தெரிந்தால் போதும். பிரெஞ்சு தேவைப்படுவது கியூபெக் தானே குடிவரவாளரைத் தெரிவு செய்யும் திட்டங்களுக்கு. இலவசப் பிரெஞ்சு வகுப்புக்கு, அதை நடத்தும் மாகாண அமைப்பான ஃபிரான்சிசாசியோன் கியூபெக்கில் பதிய வேண்டும், அகதிக் கோரிக்கையாளரும் பதியலாம். 2024 இலையுதிர் காலத்தில் பணம் இல்லை என்று பல வகுப்புகளை மூடினார்கள். ஒரு கையால் ஆறு மாதக் கெடு, மறுகையால் வகுப்புக்குப் பூட்டு. ஆகவே வந்த வாரமே பதிந்து, பதிந்த திகதி உள்ள மின்னஞ்சலை வைத்திருங்கள். முழுநேரம் கிடைக்காவிட்டால் இணைய வகுப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

மொன்றியலை விட்டு ஸ்காபரோவுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு கொசுறு. பிள்ளை இங்கே பிரெஞ்சில் படித்திருந்து, தாயோ தகப்பனோ குடியுரிமை உள்ளவராக இருந்தால், ஒன்ராறியோவின் பிரெஞ்சு மொழிப் பள்ளிச் சபைகளில் சேர உரிமை உண்டு. ஆங்கிலப் பள்ளிகளில் நடக்கும் 'பிரெஞ்சு இமேர்ஷன்' அது அல்ல. பதிவு செய்யும் மேசையில் இரண்டையும் கலந்து சொன்னால் எளிதாகக் கிடைப்பதைக் காட்டிவிடுவார்கள். நீங்கள் கேட்பது பிரெஞ்சு மொழிச் சபைப் பள்ளி என்று சொல்லி, கியூபெக் தேர்ச்சி அறிக்கையை மேசையில் வையுங்கள்.