விமானப் படத்தில் குறியிடுவதற்கு முன்

இரத்மலானையில் விமானப் பராமரிப்புப் படிக்கும் மாணவர்கள், கட்டுநாயக்கவில் வேலை செய்யும் தொழில்நுட்பவியலாளர்கள், ஓடுபாதை வேலியோரம் நின்று படமெடுக்கும் ஆர்வலர்கள் எல்லோரும் இன்று ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். கைத்தொலைபேசியில் படத்தை எடுத்து, விரலால் ஒரு சிவப்பு வட்டம் போட்டு, வட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் படம் இரண்டு குழு தாண்டுவதற்குள் எந்த விமானம், எந்தப் பக்கம், எப்போது எடுத்தது என்பதெல்லாம் கழன்றுபோய், குறி மட்டும்தான் மிஞ்சும். அது தவறாக இருந்தால் பார்ப்பவர் தவறையே பாடமாக எடுத்துக்கொள்வார்.

விரலால் போடும் வட்டத்தில் பெரிய குறை, அது படத்தோடு ஒட்டிவிடுவதுதான். கைத்தொலைபேசி எடிட்டரிலோ பெயின்டிலோ கோடு போட்டுச் சேமித்தால் கோட்டின் அடியில் இருந்த புள்ளிகள் அழிந்துவிடும். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி ஒன்றின் ஓரத்தில் தெரிந்த மெல்லிய கோட்டின் மேலேயே சிவப்பு மை ஏறிவிட்டால், அங்கே என்ன இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மூலப் படத்தைத் தொடாமல், குறிகளை அதன் மேல் தனி அடுக்கில் வைக்க வேண்டும். இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருள் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும். லிப்ரே ஆபிஸ் ட்ரோவும் போதும். ஆனால் ட்ரோவிலிருந்து பிடிஎஃப் ஆக்கும்போது அது தானாகவே படங்களை 300 டிபிஐக்கு (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற அளவு) குறைத்து 90 சதவீத ஜேபெக்காக அமுக்கும். நுண்ணிய விவரம் வேண்டுமென்றால் அந்த இரண்டு தெரிவுகளையும் மாற்றுங்கள். அவசரமாக 1, 2, 3 என்று எண் மட்டும் போட்டால் போதும் என்ற வேளைகளுக்கு கேஸ்னிப், கிரீன்ஷொட் என்ற திரைப்படப்பிடிப்பு மென்பொருள்கள் இரண்டும் நல்லவை.

கீழே இங்க்ஸ்கேப்பை வைத்தே விளக்குகிறோம்.

முதலில் மூலக் கோப்பைப் பிரதியெடுத்து, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். ஃபைல் பட்டியலில் இம்போர்ட் கொடுத்தால் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, படத்தை எம்பெட் செய்வதா (கோப்புக்குள்ளேயே வைப்பதா) லிங்க் செய்வதா (இருக்கும் இடத்தை மட்டும் குறித்துவைப்பதா) என்பது. லிங்க் கொடுத்தால், போல்டரை இடம் மாற்றிய அன்றே படம் காணாமல் போகும். பென் டிரைவில் கோப்பை மட்டும் கொண்டுபோய் இன்னொரு கணினியில் திறப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். எம்பெட் கொடுங்கள். மற்றது டிபிஐ. இங்கேதான் பலர் அறியாமலே படத்தைச் சிறிதாக்கிவிடுகிறார்கள். 4000 பிக்சல் அகலமான படத்தின் உள்ளே 300 டிபிஐ என்று எழுதப்பட்டிருந்து, நீங்கள் 'ஃப்ரம் ஃபைல்' தெரிவு செய்தால், இங்க்ஸ்கேப் அதை 13.3 அங்குல அகலமாகக் கொள்ளும். பிறகு வழமையான 96 டிபிஐயில் எக்ஸ்போர்ட் செய்தால் கிடைப்பது 1280 பிக்சல்தான். 'டிபோல்ட் இம்போர்ட் ரெசல்யூஷன்' என்பதைத் தெரிவு செய்தால் படத்தின் ஒரு பிக்சலுக்கு ஓர் அலகு என்று நேராக உட்காரும். பிறகு கோட்டின் தடிப்பையும் எழுத்தின் அளவையும் பிக்சலிலேயே யோசிக்கலாம்.

படத்தைத் தெரிவு செய்து கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் அழுத்தினால் பக்கம் படத்தின் அளவுக்கு வந்துவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் அழுத்தி லேயர் பலகையைத் திறந்து, படம் இருக்கும் அடுக்கைப் பூட்டுங்கள். அதன் மேல் 'குறிகள்' என்று புதிய அடுக்கு ஒன்றை உருவாக்குங்கள். பூட்டாமல் விட்டால் கோட்டை இழுக்கப் போய்ப் படமே நகரும். மிகச் சிறிதாக நகர்ந்தால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். எல்லாக் குறியும் ஒரு ரிவெட் அளவு தள்ளிப் போயிருக்கும்.

கோடு போட, பென் கருவிக்கான பி (B) விசையை அழுத்தி, எழுத்து வரும் இடத்தில் ஒரு சொடுக்கு, பாகத்தின் மேல் ஒரு சொடுக்கு, பிறகு என்டர். ஸ்ட்ரோக் ஸ்டைல் பகுதியில் கோட்டின் முடிவுக்குப் புள்ளி வடிவ மார்க்கரைக் கொடுங்கள். அம்பு முனை சிறிய பாகங்களை மறைத்துவிடுகிறது. புள்ளி இந்த இடம்தான் என்று சொல்கிறது. பரப்பொன்றைக் காட்டும்போது புள்ளி அதன் நடுவில் இருக்கட்டும். விளிம்பைக் காட்டினால் விளிம்பிலேயே நிற்க வேண்டும். பாகத்துக்கு அருகே வெற்று வெளியில் முடியும் கோடு எதையும் காட்டுவதில்லை.

கோட்டின் நிறம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கொழும்பின் நண்பகல் வெயிலில் வெள்ளை உடற்பகுதி படத்தில் வெளுத்துப் போகும்; அதில் வெள்ளைக் கோடும் மஞ்சள் கோடும் மறைந்துவிடும். அதே படத்தில் இறக்கையின் அடிப்பக்கம் இருண்டிருக்கும். அங்கே கறுப்புக் கோடு தெரியாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் எந்த வகுப்பிலும் இருக்கலாம். வெள்ளவத்தையில் போட்டோகொப்பி எடுத்துப் பகிர்ந்தால் எந்த நிறமும் மிஞ்சாது. இதற்கு ஒரே வழி இரட்டைக் கோடு. 4000 பிக்சல் படத்தில் வெள்ளைக் கோட்டுக்கு 8 பிக்சல் தடிப்பு வையுங்கள். கன்ட்ரோல், டி அழுத்தி அதைப் பிரதி செய்து, பிரதிக்குக் கறுப்பு நிறமும் 14 பிக்சல் தடிப்பும் கொடுத்து, பேஜ் டவுன் அழுத்தி வெள்ளைக்குக் கீழே தள்ளுங்கள். மார்க்கர் கோட்டுத் தடிப்போடு சேர்ந்து வளர்வதால் புள்ளியைச் சுற்றியும் கறுப்பு வளையம் தானாக வந்துவிடும். வெளிச்சத்திலும் நிழலிலும் தெரியும், கொப்பியிலும் தெரியும்.

எழுத்து 80 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். வட்ஸ்அப் சாதாரணத் தரத்தில் படத்தை 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கும். 80 பிக்சல் எழுத்து அங்கே 32 ஆகும். கைத்தொலைபேசித் திரையில் அதுவும் குறையும். நீண்ட விளக்கத்தைப் படத்துக்குள் திணிக்காதீர்கள். ஆறு பாகங்களுக்கு மேல் இருந்தால் எண்களை மட்டும் கடிகாரச் சுற்றில் இட்டு, பெயர்களைக் கீழே எழுதுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எங்கள் நாட்டில் இன்னும் பலர் பாமினியில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் 'எஞ்சின்' என்று எழுதிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து நிற்கும். யூனிகோடில் எழுதுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், விண்டோஸில் நிர்மலா ஏற்கெனவே இருக்கிறது. கோப்பை இன்னொருவருக்குக் கொடுப்பதானால் எழுத்துகளைத் தெரிவு செய்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்துங்கள். எழுத்து வடிவமாக மாறிவிடும். எந்தக் கணினியிலும் குலையாது. ஆனால் அதன் பிறகு திருத்த முடியாது என்பதால், மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளைக் கற்றுவிட்டாலும் இடது வலதில் தடுமாறுபவர்களே அதிகம். விமானத்தின் இடது வலது படத்தின் இடது வலது அல்ல. வாலிலிருந்து மூக்கை நோக்கி, அதாவது விமானி அமர்ந்திருக்கும் திசையில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 1ஆம் எஞ்சின் எப்போதும் விமானத்தின் இடப்பக்கம். முன்னால் நின்று மூக்கைப் பார்த்து எடுத்த படத்தில் அது உங்கள் வலக்கைப் பக்கம் வரும். 'இடது எஞ்சின்' என்று எழுதுவதைவிட '1ஆம் எஞ்சின்' என்று எழுதுவது பாதுகாப்பானது. அழகுக்காகப் படத்தைத் திருப்பிப் போடும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். 4ஆர் என்று தொடங்கும் இலங்கைப் பதிவெழுத்து நேராகப் படிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கண்ணாடிப் பிரதி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது பெயர்கள். இங்கே பார்வைக்கு ஒத்திருப்பவைதான் ஏமாற்றுகின்றன. மூக்கருகே முன்னோக்கி நீட்டியிருக்கும், நுனியில் துளையுள்ள குழாய், வேகத்தை அறிய எதிர்க்காற்றின் அழுத்தத்தை வாங்கும் பிட்டோ. காற்றின் திசைக்குத் திரும்பும் சிறு தகடு, காற்று இறக்கையில் மோதும் கோணத்தை அளக்கும் தாக்குகோண உணரி. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் இரண்டும் மும்மூன்று. உடற்பகுதியின் தோலோடு மட்டமாக இருக்கும் சிறு துளைகள் வெளிக்காற்றின் அழுத்தத்தை உணரும் ஸ்டாட்டிக் போர்ட், அவை ஆறு. இந்த மூன்றையும் மாற்றி எழுதிய படங்கள் பயிற்சிக் குறிப்புகளிலேயே சுற்றுகின்றன. இதைச் சிறிய பிழை என்று தள்ள முடியாது. 1996 ஒக்டோபர் 2ஆம் திகதி லீமாவிலிருந்து புறப்பட்ட ஏரோபெரு 603 விமானத்தில் கழுவும்போது ஒட்டிய டேப் ஸ்டாட்டிக் போர்ட்டின் மேலேயே விடப்பட்டிருந்தது. உயரமும் வேகமும் விமானிகளுக்குப் பிழையாகக் காட்டின. விமானம் கடலில் விழுந்து 70 பேர் இறந்தார்கள். அந்தத் துளை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும் என்று ஒரு மாணவருக்குச் சரியாகக் காட்டும் படம் அவ்வளவு முக்கியமானது.

இறக்கையின் கீழ் ஓடம்போல் தொங்கும் உறைகளை எரிபொருள் தாங்கி என்று குறித்துவிடுகிறார்கள். அவை ஃபிளாப் (ஏறும்போதும் இறங்கும்போதும் இறக்கையின் பின்னால் நீளும் தகடு) நகரும் தண்டவாளங்களின் உறைகள். வால் நுனியின் துளை மூன்றாவது எஞ்சின் அல்ல, ஏபியு எனும் சிறிய துணை எஞ்சினின் புகைபோக்கி. இறக்கையின் பின்விளிம்பில் நிற்கும் மெல்லிய குச்சிகள் அன்டெனா அல்ல, நிலைமின்சாரத்தை வெளியேற்றுபவை. ஏ320 இறக்கையின் மேற்பரப்பில் எழும் ஐந்து தகடுகளும் தூக்குவிசையைக் குறைக்கும் ஸ்பொய்லர்கள். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரன் அவற்றுக்கு வெளியே, நுனிக்கு அருகில் பின்விளிம்பில் இருக்கிறது. பழகிப் பார்க்க இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகம் நல்ல இடம். அங்குள்ள ஜெட் ப்ரோவோஸ்ட் விமானத்தின் காற்று நுழைவாய் உடற்பகுதியின் இரு பக்கமும், இறக்கை உடலோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. புக்காரா விமானத்தின் கிடைவால் நெடுவாலின் உச்சியில் அமர்ந்திருக்கிறது. பாகங்களை அருகில் நின்று, பல கோணத்தில் எடுத்துக் குறியிட்டுப் பழகலாம்.

சேதத்தைக் குறிப்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். உட்குழிந்து, உலோகம் போகாமல் இருந்தால் அது டென்ட். கோடாக, சிறிது உலோகம் போயிருந்தால் ஸ்கிராட்ச். அகலமாகவும் ஆழமாகவும் தோண்டியிருந்தால் கவுஜ். இவற்றை 'அடிபட்ட இடம்' என்று ஒரே சொல்லில் அடக்கக்கூடாது. அனுமதிக்கப்படும் எல்லை ஒவ்வொன்றுக்கும் வேறு. 'கிராக்' என்ற சொல்லைப் படத்தை மட்டும் பார்த்து எழுதவே கூடாது. வெடித்தது வண்ணப்பூச்சா உலோகமா என்பது எடி கரன்ட் (உலோகத்தில் மின்சாரத்தைத் தூண்டி வெடிப்பைத் தேடும் முறை) போன்ற சோதனையில்தான் உறுதியாகும். 'கோடு போன்ற தோற்றம், சோதிக்கப்படவில்லை' என்று எழுதினால் கண்டது மட்டும் பதிவாகும். அளவு காட்ட இரும்பு ரூலரைச் சேதத்தின் அதே மட்டத்தில் வைத்து, கமெராவை நேர் எதிரே பிடித்து எடுங்கள். சாய்ந்து எடுத்த படத்தில் இங்க்ஸ்கேப்பின் அளவிடும் கருவி தரும் எண்ணுக்குப் பெறுமதி இல்லை. கைத்தொலைபேசியின் அகல லென்ஸ் ஓரங்களை வளைக்கும். சற்றுப் பின்னால் போய் 2 மடங்கு ஜூமில் எடுப்பது நல்லது.

விமானம் நிற்கும் பகுதியில் படமெடுக்க அனுமதி வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அனுமதியோடு எடுத்த படத்திலும் அடையாள அட்டை, முகம், வாகன இலக்கம் விழுந்திருக்கும். அவற்றை மங்கலாக்காமல் முழுக் கறுப்புச் சதுரத்தால் மூடுங்கள். மூடிய பிறகு பிஎன்ஜி ஆக எக்ஸ்போர்ட் செய்து அதை மட்டும் அனுப்புங்கள். அடுக்குகள் தனித்தனியாக இருக்கும் இங்க்ஸ்கேப்பின் எஸ்விஜி கோப்பையோ பிடிஎஃபையோ அனுப்பினால், பெறுபவர் சதுரத்தை நகர்த்தி அடியில் இருப்பதைப் பார்க்கலாம். எஸ்விஜிக்குள் எம்பெட் செய்த ஜேபெக், எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் உட்பட எல்லாத் தகவலையும் சுமந்து போகும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் கழன்றுவிடும். டொக்கியுமென்டாக அனுப்பினால் தரமும் குறையாது, தகவலும் கழலாது. வெட்டி நீக்கிய பகுதியும் உண்மையில் நீங்கிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். கூகுள் பிக்சலின் மார்க்கப் கருவியிலும் விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும், வெட்டிய படத்தை அதே கோப்பின் மேல் சேமித்தால் பழைய பகுதியின் தரவு உள்ளேயே தங்கிவிடுவது 2023 மார்ச்சில் தெரியவந்தது. பிறகு திருத்தம் வந்தது. ஆனால் அதற்கு முன் பகிர்ந்த படங்கள் அப்படியே இருக்கின்றன. வெட்டிய படத்தை எப்போதும் புதிய பெயரில் சேமியுங்கள்.

கோப்புப் பெயரிலேயே திகதி, விமான வகை, ஏடிஏ அத்தியாய எண் (விமானத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள பொது எண்), இடமா வலமா என்ற பக்கம் நான்கும் இருக்கட்டும்: தரையிறங்கு சில்லு 32, கதவு 52, உடற்பகுதி 53, இறக்கை 57. மூலம், எஸ்விஜி, பிஎன்ஜி மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால், பிஎன்ஜி கையில் கிடைக்கும் எவரும் குறியில் சந்தேகம் வந்தால் மூலத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.