முழங்கை வலித்தால் இடது காலைப் பாருங்கள்

போன மாதம் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவோடு வந்திருந்தான். ஈட்டி எறிகிறவன். வலது முழங்கையின் உள்பக்கத்தில் விரலை வைத்து, "எறியும்போது இந்த இடத்துல சுரீர்ங்குது சார்" என்றான். இரண்டு வாரமாகத் தைலம் போட்டு நீவியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால், போட்டிக்கு முதல் நாள் யாரோ வலி ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வலி மரத்துப்போன தைரியத்தில் பையன் அன்றைக்கு வழக்கத்தைவிட ஓங்கி எறிந்திருக்கிறான். வந்த வினை அதுதான்.

கையைத் தொட்டுப் பார்த்த பிறகு, அவன் அண்ணன் செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்திருந்த வீடியோவைக் கேட்டு வாங்கினேன். எறிகிற பிள்ளைகள் கைவலி என்று வந்தால் நான் முதலில் தேடுவது இடது காலைத்தான் (இடக்கையால் எறிபவர்களுக்கு வலது கால்). நினைத்தபடியே இருந்தது. கடைசி எட்டில் இடது காலை ஊன்றியதும் முழங்கால் மடங்கி, உடம்பு மொத்தமும் அதன்மேல் சரிகிறது. ஈட்டி கையை விட்டுப் போவது அதற்கு அப்புறம்தான்.

இதில் என்ன தப்பு என்று அம்மா கேட்டார். கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம், டிரைவர் சடாரென்று பிரேக் அடிக்கிறார். கால் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது. தலை முன்னால் போய்க் கம்பியில் இடிக்கிறது. ஈட்டி எறிதலில் அந்த பிரேக் இடது கால். ஓடி வந்த வேகத்தை அது விறைப்பாக ஊன்றி நிறுத்த வேண்டும். அந்தக் கணத்தில் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்கும். கால் நின்றதும் இடுப்பு சுழலும், இடுப்பின் வேகம் குறையும்போது மார்பு சுழலும், பிறகு தோள், முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. கனமான பாகம் நின்று, அடுத்திருக்கும் லேசான பாகத்துக்கு வேகத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. சாட்டையின் நுனி சொடுக்குவதும் இப்படித்தான். கால் ஊன்றுவதற்கும் ஈட்டி கைவிட்டுப் போவதற்கும் நடுவில் ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குகூட இருக்காது.

முழங்கால் மடங்கினால் பிரேக் பிடிக்காத வண்டி. கீழிருந்து மேலே வரவேண்டிய வேகம் வருவதில்லை. பையனுக்கோ தூரம் வேண்டும். குறைகிற வேகத்தைக் கையால் ஈடுகட்டப் பார்க்கிறான். முழங்கை தோளைவிடத் தாழ்ந்து, பக்கவாட்டில் இழுபடுகிறது. உள்பக்கத்துத் தசைநார் தாங்கமாட்டாமல் தவிக்கிறது. இந்த வயதில் தசைநாரைவிட, அது ஒட்டியிருக்கும் எலும்பின் வளரும் பகுதிதான் பலவீனமானது. குருத்தெலும்பாக இருக்கும் அந்த இடமே விலகிப் பிய்ந்துவர வாய்ப்புண்டு. நீவி விடுவதால் அது ஒட்டிச் சேராது. எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

சரி, முழங்கால் ஏன் மடங்குகிறது? "எங்கப்பா ஓடிப் பழகுற?" என்றேன். "பீச்சுலதான் சார், சில்வர் பீச் மணல்ல." எனக்கு அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. மணலில் ஓடினால் கால் உரமேறும் என்பது உண்மைதான். ஆனால் ஈட்டிக்காரனின் கடைசி எட்டை மணலில் பழகக் கூடாது. ஊன்றிய கால் புதைகிறது, உடம்பும் மடங்கிக்கொடுக்கப் பழகிவிடுகிறது. அதே பழக்கம் மைதானத்துக்கும் வருகிறது.

அவன் அப்பா மீன்பிடிக்கிறவர். உப்பனாற்றில் வீச்சுவலை போடுவாயா என்று கேட்டேன். போடுவானாம். அப்போது முழங்கை வலிக்குமா என்றதற்குச் சிரித்துவிட்டான். "அதெப்படி சார் வலிக்கும்? கையால வீசினா வலை விரியாது, சுருண்டு விழும். இடுப்பைத் திருப்பணும்."

நான் அரைமணி நேரம் சொல்ல நினைத்ததை அவனே சொல்லிவிட்டான்!

இன்னொரு விஷயம். இயற்பியல் புத்தகத்தில் 45 டிகிரி என்று படித்துவிட்டு மைதானத்தில் "மேலே, மேலே" என்று கத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கை ஏற்கெனவே தலைக்கு மேலே இருக்கிறது. நிமிர்த்தி எறிய எறிய வேகமும் குறைகிறது. அதனால் நல்ல வீரர்களின் ஈட்டி 35 டிகிரியை ஒட்டித்தான் கிளம்பும். குண்டு எறிதலிலும் பெரும்பாலும் 40-ஐ எட்டாது. கோணத்தைவிட வேகம்தான் முக்கியம். காற்றின் கணக்கையும் கையின் உயரத்தையும் விட்டுவிட்டால், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 35 டிகிரியில் கிளம்பும் ஈட்டி சுமார் 38 மீட்டர் போகும். வேகம் 22 ஆனால் 46. பத்து சதவீத வேகத்துக்கு எட்டு மீட்டர். அந்தப் பத்து சதவீதத்தைக் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தால் முழங்கை போகும்.

நீரஜ் சோப்ராவுக்கே 2019-ல் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. பொறுத்திருந்து திரும்பி வந்து, 2021-ல் டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். 2025-ல் தோஹாவில் 90.23. பையனுக்கு இதைச் சொன்னபோதுதான் முகம் தெளிந்தது.

நல்லவேளை, எக்ஸ்ரேயில் விலகல் இல்லை. ஆறு வாரம் ஈட்டியைத் தொடக் கூடாது. அதுவரை ஒற்றைக்கால் ஸ்குவாட் (ஒரே காலில் உட்கார்ந்து எழுவது), படியிலிருந்து இடது காலில் குதித்து மடங்காமல் நிற்பது, தோள்பட்டையின் பின்பக்கத் தசைகளுக்கு ரப்பர் பேண்ட் பயிற்சி. எறிந்த கையைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தசைகள்தான்; அவற்றை யாரும் கவனிப்பதில்லை. முழங்கையை முழுதாக நீட்ட முடியாமல் போனாலோ, சுண்டுவிரல் மரத்தாலோ, இரவில் வலித்தாலோ அன்றைக்கே வரச் சொன்னேன். வலி விட்ட பிறகு மெடிசின் பால் என்கிற கனமான பயிற்சிப் பந்தை இரு கையாலும் எறிவது, அப்புறம் நின்ற இடத்திலிருந்து ஈட்டி, கடைசியில்தான் ஓட்டம். அதுவும் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கின் கெட்டித் தரையில்.

கிளம்பும்போது அடுத்த மாதம் போட்டி இருப்பதாக அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். பையன் என் முகத்தையே பார்த்தான். இந்த வருஷம் வேண்டாம் என்றேன்.