நேற்று விழுந்த பந்து இன்று ஏன் விழவில்லை?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமைதோறும் பேருந்து ஏறிப் புதுச்சேரிக்கு வந்து, ஒரு பார்லரில் நண்பர்களோடு, மேசைமேல் கோலால் பந்தடிக்கும் பூல் ஆடுகிறவர் அவர். ஒரு வாரம் குறிவைத்த பந்தெல்லாம் பாக்கெட்டில் விழுகிறது. அடுத்த வாரம் கண்ணெதிரே நிற்கும் பந்துகூட விளிம்பில் முட்டித் திரும்புகிறது. தனியாகப் பயிற்சி செய்யும்போது தவறாமல் விழும் பந்து, ஐந்து பேர் சுற்றி நின்று பார்க்கும் பந்தயத்தில் விழுவதில்லை. வீட்டில் கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்களாம். நண்பர்கள் கியூவை, அதாவது பந்தடிக்கும் கோலை, மாற்றச் சொன்னார்களாம். எது சரி என்று கேட்கிறார். இரண்டும் காரணமல்ல. உண்மையான காரணத்தில் பெரும்பகுதி, இரண்டு பந்துகள் தொட்டுக்கொள்ளும் அந்த ஒரு நொடித்துளிக்குள் இருக்கிறது.

முதலில் மேசையின் கணக்கைப் பார்த்துவிடலாம். பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்துக்கும், அது மோதிப் பாக்கெட்டில் தள்ள வேண்டிய நிறப் பந்துக்கும் இடையே 1 மீட்டர், நிறப் பந்திலிருந்து பாக்கெட்டுக்கு இன்னொரு 1 மீட்டர், எல்லாம் ஒரே நேர்கோட்டில் என்று கொள்வோம். உங்கள் அடி ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு பிசகினால், வெள்ளைப் பந்தின் பாதை நிறப் பந்தை அடையும் இடத்தில் 1.75 மில்லிமீட்டர் விலகியிருக்கும். இருபது முப்பது தலைமுடிகளைச் சேர்த்துவைத்தால் வரும் அகலம்தான் இது. ஆனால் வளைந்த பரப்பில் அந்தச் சிறு விலகல், நிறப் பந்து புறப்படும் திசையை ஏறத்தாழ 1.65 டிகிரி திருப்பிவிடுகிறது. பிழை பதினாறு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. அந்தத் திசையில் 1 மீட்டர் உருண்ட பிறகு பந்து 29 மில்லிமீட்டர் விலகியிருக்கும். மூலைப் பாக்கெட்டின் வாய் சுமார் 115 மில்லிமீட்டர் என்றால், நடுவே நுழையும் பந்துக்கு இருபுறமும் மிஞ்சும் இடம் அதே 29 மில்லிமீட்டர்தான். ஆக, ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கே விழுவதற்கும் விழாததற்கும் உள்ள எல்லை. கட் ஷாட்டில், அதாவது பந்தை ஓரத்தில் தொட்டுத் திருப்பும் அடியில், நிலைமை இன்னும் கடினம்; 60 டிகிரி திருப்ப வேண்டுமென்றால் பிழை மேலும் இரண்டு மடங்காகப் பெருகும். வளைந்த பரப்பில் மோதும் பந்து எப்படிச் சிறு பிழையைப் பெருக்கி ஒழுங்கின்மைக்குக் கொண்டுபோகிறது என்பதைக் கணிதமாக நிறுவிய கணித அறிஞர் யாக்கோவ் சினாய்க்கு 2014இல், கணிதத்துக்கான உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஆபெல் பரிசு கிடைத்தது. நம் மாணவரைச் சனிக்கிழமை வாட்டும் சிக்கலும் அந்தக் கணிதத்தின் உறவுதான்.

மனிதத் தசையின் சிறு தடுமாற்றம் அந்த எல்லையை எளிதில் தாண்டும். அது மட்டுமே காரணமாக இருந்தால் பிழைகள் இருபுறமும் சமமாகச் சிதற வேண்டும். அவர் கேள்வியில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி, போகிற போக்கில் அவர் எழுதிய ஒன்று: பந்தயத்தில் தவறும் கட் ஷாட்டுகள் பெரும்பாலும் ஒரே பக்கம் தவறுகின்றன, பந்து போதுமான அளவு திரும்புவதில்லை. ஒரே பக்கம் சாயும் பிழைக்கு ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும்.

அந்தக் காரணத்தைத்தான் ஆட்டக்காரர்கள் 'த்ரோ' என்கிறார்கள்; நாம் இழுப்பு என்போம். பள்ளியில் வரைந்த படத்தில், மோதப்படும் பந்து இரு பந்துகளின் மையங்களை இணைக்கும் கோட்டில் நேராகப் புறப்படும். பந்துகள் உராய்வே இல்லாதவையாக இருந்தால் அது சரி. உண்மையில் வெள்ளைப் பந்து ஓரத்தில் மோதும்போது அதன் பரப்பு, நிறப் பந்தின் பரப்பைத் தேய்த்துக்கொண்டு முன்னோக்கி நகர்கிறது. அவை ஒட்டியிருப்பது ஒரு விநாடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே. அதற்குள் தேய்ப்பு, நிறப் பந்தைத் தான் நகரும் பக்கமாகச் சற்று இழுத்துவிடுகிறது. கடையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகிறவரின் தோள் உங்கள் தோளை உரசும்போது, நீங்கள் பக்கவாட்டில் தள்ளப்படுவதோடு அவர் போகும் திசையிலும் ஓரடி இழுபடுகிறீர்கள் அல்லவா, அதே செயல். விளைவு, 30 டிகிரி திரும்ப வேண்டிய பந்து 30க்குக் குறைவாகவே திரும்புகிறது.

இதில் என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைப்பது இனிமேல் வருவது. உராய்வுக் கெழு ஒரு மாறிலி, அது வேகத்தைச் சார்ந்ததல்ல என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோம். மரக்கட்டையைப் பலகையில் இழுக்கும் சோதனைக்கு அது போதும்; பினாலிக் பிசினில் வார்த்து மெருகேற்றிய இந்தப் பந்துகளுக்குப் போதாது. இவற்றின் பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று மெதுவாகச் சறுக்கினால் உராய்வு அதிகம், வேகமாகச் சறுக்கினால் குறைவு. மென்மையாகத் தட்டிய 30 டிகிரி கட் ஷாட்டில், வெள்ளைப் பந்து உருளாமல் சறுக்கிய நிலையில் வந்து மோதினால், இழுப்பு 4 முதல் 5 டிகிரி வரை போகலாம். அதே கோணத்தில் ஓங்கி அடித்தால் அது 1 அல்லது 2 டிகிரியில் நின்றுவிடும். வித்தியாசம் 3 டிகிரி என்று வைத்தால், 1 மீட்டர் தூரத்தில் 52 மில்லிமீட்டர். குறி மாறவில்லை, கை பிசகவில்லை, கியூ கோணவில்லை. வேகம் மட்டுமே மாறியது, பந்து வெளியே.

பயிற்சியில் நம் மாணவர் தோள் தளர்ந்து, தனக்கு இயல்பான வேகத்தில் அடிக்கிறார். அந்த வேகத்துக்கு உரிய இழுப்பைக் கணக்கில் சேர்த்தே, தன்னை அறியாமல், அவர் கண் குறிபார்க்கப் பழகியிருக்கிறது. பந்தயத்தில் தவறிவிடுவோமோ என்ற கவலையில் அதே பந்தை மெல்லத் தட்டுகிறார். மெல்லத் தட்டினால் இழுப்பு கூடும். பந்து போதுமான அளவு திரும்பாது. கூடுதல் கவனமே பந்தை வெளியே தள்ளுகிறது. நரம்பின் மேல் பழிபோடும் முன் அவர் வேகத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் எல்லாவற்றையும் ஓங்கி அடித்துவிடலாமா என்றால், அங்கே தசை குறுக்கே நிற்கிறது. தசைக்குப் போகும் ஆணை வலுவானதாக இருக்க இருக்க அதில் கலக்கும் தடுமாற்றமும் கூடுகிறது என்பதை அடிப்படையாக வைத்து ஹாரிஸ், வோல்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் நம் கை அசைவுகளின் வடிவத்தையே விளக்கிக்காட்டினார்கள். ஓங்கினால் கை பிசகும், மெல்லத் தட்டினால் பந்து இழுபடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தைத் தேர்ந்து, கட் ஷாட்டுகளை முடிந்தவரை அதே வேகத்தில் அடிப்பதுதான் நிலையற்ற ஆட்டத்துக்கு நான் சொல்லக்கூடிய முதல் மருந்து.

இழுப்பை அடியோடு ஒழிக்கவும் ஒரு வழி உண்டு. நிறப் பந்து வலப்புறம் திரும்ப வேண்டுமானால், வெள்ளைப் பந்தை அதன் மையத்துக்குச் சற்று இடப்புறம் தொட்டுச் சுழலவிட வேண்டும். அந்தச் சுழற்சியால் மோதும் புள்ளி பின்னோக்கி நகர முயலும். பந்தின் ஓட்டம் அதை முன்னோக்கித் தள்ளும். இரண்டும் சமமாகிவிட்டால் பரப்புகள் தேய்வதே இல்லை, கடிகாரத்தின் இரு பற்சக்கரங்கள்போல ஒன்றின்மேல் ஒன்று உருண்டு பிரிகின்றன. 30 டிகிரி திருப்பத்துக்கு, சறுக்கி வரும் பந்தில், கணக்குப்படி மையத்திலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளித் தொட வேண்டும். இருந்தாலும் புதிதாக ஆடுகிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கவாட்டில் தொட்டவுடன் வெள்ளைப் பந்தின் பாதையே சற்று விலகும், ஒரு பிழையைத் திருத்தப் போய் இன்னொன்று நுழையும். ஆனாலும் அந்தத் தேய்ப்பில்லாத மோதலை ஒருமுறை அடித்துப் பார்த்தவர், இயக்கவியலைப் பாடப்புத்தகத்தில் அடங்கிய ஒன்றாக நினைக்க முடியாது. பில்லியர்ட்ஸின் கணிதத்துக்கென்றே 1835இல் ஒரு முழு நூல் எழுதியவர் பிரெஞ்சு அறிஞர் கொரியோலி. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலைச் சுழலவைத்த விசைக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறோம்.

இனி, வாரத்துக்கு வாரம் ஏற்படும் மாற்றம். சென்ற நவம்பரில் நான் ஆடும் இடத்தில், ஒரு சிவப்புப் பந்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மிளகளவு நீலப் புள்ளிகள் ஏழெட்டு, கியூ முனையில் தடவும் சாக்கின் தடங்கள், அவற்றைச் சுற்றி விரல் எண்ணெயின் மங்கிய படலம். அந்தப் புள்ளிகளில் ஒன்று மோதும் இடத்தில் வந்து அமர்ந்துவிட்டால் உராய்வு அந்த ஒரு அடிக்கு மட்டும் சட்டென உயரும். பந்து ஒட்டிக்கொண்டு இழுபட்டதுபோல எங்கோ போகும். அழுக்குப் பந்தில் இழுப்பு அதிகம் என்பதோடு, அது அடிக்கு அடி வேறுபடுவதுதான் பெரிய தொல்லை. மழைக்காலத்தில் கேரம் பலகையில் பவுடர் கட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. மேசைத் துணியின் கம்பளி இழைகள் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சுகின்றன. பந்து சறுக்கும் தூரம் குறைந்து விரைவிலேயே உருளத் தொடங்குகிறது. உருண்டு வரும் பந்தில் இழுப்பின் அளவு வேறு, சறுக்கி வரும் பந்தில் வேறு. ஆகவே ஜூன் மாத வெயிலில் பழகிய கண், வடகிழக்குப் பருவமழையில் தவறுவது இயல்பே. பாக்கெட்டே இல்லாத கேரம் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் பந்தய மேசைகளில், துணிக்கு அடியிலுள்ள கற்பலகையைச் சூடாக்கி வைப்பது இந்த ஈரத்தை விரட்டத்தான்.

இதையெல்லாம் நம் கல்லூரிகளிலேயே அளக்க முடியும், ஆனாலும் பணம் அதற்குப் போவதில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மேசை, ஒரு பெட்டிப் பந்து, மெதுவியக்கப் படம் எடுக்கும் ஒரு கைபேசி போதும். விளையாட்டுக்கு ஒதுக்கும் பணம் கோப்பைக்கும் மேடைக்கும் போகிறது. ஆய்வகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஆண்டுதோறும் அதே சாய்தளமும் அதே மரக்கட்டையும் வருகின்றன. கடலோரக் காற்றில் உராய்வு எப்படி மாறுகிறது என்பதை அளப்பதற்குக் கடலூரையும் புதுச்சேரியையும்விடப் பொருத்தமான ஊர் எது?

எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். பத்துக்கு ஏழு பந்து போடும் திறமை உள்ள ஒருவர், அந்தத் திறமை துளியும் மாறாமல், ஒவ்வொரு சனிக்கிழமையும் 20 அடிகள் அடிக்கிறார் என்று கொள்வோம். சராசரி 14. ஆனால் வெறும் தற்செயலாலேயே அது ஒரு வாரம் 10 ஆகவும் இன்னொரு வாரம் 18 ஆகவும் அமையலாம்; நூறு சனிக்கிழமைகளில் 97இல் எண்ணிக்கை இந்த இரண்டுக்குள் எங்காவது நிற்கும். தொடர்ந்து எட்டுப் பந்துகளைப் போட்டு மேசையைக் காலி செய்யும் வாய்ப்பு அவருக்கு 6 சதவீதம்கூட இல்லை. பத்துக்கு ஒன்பது போடுகிறவருக்கோ 43 சதவீதம். 10 பந்து மட்டுமே விழுந்த வாரத்தில்தான் வீட்டில் திருஷ்டி கழிக்கிறார்கள். அடுத்த வாரம் எதுவும் செய்யாமலேயே எண்ணிக்கை 14ஐ நோக்கி ஏறும்; பெயர் பழத்துக்குப் போகும். இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்கள், திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறார்கள், பாராட்டினால் கெடுக்கிறார்கள் என்று நம்பியதில் இருந்ததும் இதே மயக்கம்தான் என்று கண்டு சொன்னவர், பின்னாளில் 2002இல் பொருளியல் நோபல் பெற்ற டேனியல் கானமேன். வீட்டாரின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு மோசமான சனிக்கிழமையால் கியூவையும் நிற்கும் நிலையையும் மாற்றிக்கொள்ளும் இளைஞர்கள், சரியாக இருந்ததைக் கலைத்துவிடுகிறார்கள். மாற்றம் எதையும் செய்யும் முன் குறைந்தது பத்து வார எண்ணிக்கையைக் குறித்துவைக்க வேண்டும், தேதியோடு, மழையா வெயிலா என்பதோடு.

மாணவர் அடுத்த சனிக்கிழமை செய்துபார்க்க ஒரு சோதனை. இரண்டு நிறப் பந்துகளை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, ஒன்றையொன்று தொடும்படி, மையக்கோடு 1 மீட்டர் தூரத்திலுள்ள பாக்கெட்டின் நடுவை நோக்குமாறு வைக்கவும். பின்னால் உள்ள பந்தின் இடப்புறத்தில் வெள்ளைப் பந்தை மோதவிட்டால், முன்னால் உள்ள பந்து கோட்டை விட்டு வலப்புறம் விலகும். ஒருமுறை மெல்லவும் ஒருமுறை ஓங்கியும் அடித்து, அது முட்டும் இடங்களைக் குறித்துக்கொள்ளவும். பிறகு இரு பந்துகளும் தொடும் புள்ளியில் சிறிது சாக் தடவி மறுபடி அடிக்கவும். குறித்த இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து எனக்கு எழுதினால், மழைக்காலத்தில் நான் எடுக்கப்போகும் அளவுகளோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.