டென்னசி பள்ளிகளில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடம்: சட்டம் என்ன சொல்கிறது, வீட்டில் என்ன செய்ய வேண்டும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அரசுப் பள்ளியிலும் அரசு நிதியில் நடக்கும் சார்ட்டர் பள்ளியிலும் 2025-26 கல்வியாண்டு முதல் ஆண்டுதோறும் துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடம் கட்டாயம். சட்டம் 2024-இல் நிறைவேறியது. எந்த வகுப்பில் தொடங்குவது என்று முடிவு செய்யும் பொறுப்பை மாநிலக் கல்வித் துறை, பாதுகாப்புத் துறை, வனவிலங்கு வளத் துறை மூன்றுக்கும் கொடுத்தார்கள். மழலையர் வகுப்பிலேயே தொடங்குவது என்று முடிவானது.

பெற்றோரின் முதல் பயம், 'பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுப்பார்களோ' என்பது. மாட்டார்கள். உண்மையான துப்பாக்கியோ தோட்டாவோ பாடத்தில் இடம்பெறக் கூடாது, சுடும் பயிற்சியும் கூடாது என்று சட்டமே சொல்கிறது. துப்பாக்கி உரிமை சரியா தவறா என்ற அரசியலில் பாடம் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. 'என் பிள்ளைக்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்து விலக்குப் பெற டென்னசி சட்டத்தில் வழியில்லை. 2025-இல் இதேபோல் சட்டம் கொண்டுவந்த யூட்டா மாநிலத்தில் அந்த வழி உண்டு.

சின்ன வகுப்புகளில் சொல்லித் தருவது நான்கே படிகள்: நில், தொடாதே, உடனே அங்கிருந்து போ, பெரியவரிடம் சொல். இவற்றில் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டாவதில்தான். பொம்மையா நிஜமா என்று பார்க்கத்தான் கையில் எடுப்பார்கள். அதனால் 'சந்தேகம் வந்தால் நிஜம் என்றே வைத்துக்கொள்' என்பதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள், தோட்டாக்களை அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பார்கள். ஏற்கெனவே குழலுக்குப் பின்னால் அறையில் ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். மேகசின் இல்லாமலும் பல கைத்துப்பாக்கிகள் அதைச் சுட்டுவிடும். 'குழந்தைக்கு விசையை இழுக்க வலு ஏது' என்பதும் தப்புக் கணக்கு. பல கைத்துப்பாக்கிகளுக்கு 5, 6 பவுண்டு அழுத்தமே போதும். விரலால் முடியாத குழந்தை துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டை விரல்களால் அழுத்தும். அப்போது குழல் அதன் முகத்தைத்தான் பார்த்திருக்கும்.

நான்கு படிகளையும் பாட்டுப் போல ஒப்பிக்கும் பிள்ளை, நிஜத்தில் துப்பாக்கியைக் கண்டால் தொடாது என்று நம்பிவிட வேண்டாம். சொல்லச் சொன்னால் சரியாகச் சொன்ன 4, 5 வயதுக் குழந்தைகளில் பலர், செயலிழக்கச் செய்த துப்பாக்கி ஒன்றைக் கண்டபோது எடுத்து விளையாடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நடித்துக் காட்டி, குழந்தையையும் நடிக்க வைத்து, தவறினால் அங்கேயே திருத்தி, திரும்பத் திரும்பச் செய்ய வைத்தபோதுதான் பலன் கூடியது. ஆண்டுக்கு ஒரு வீடியோவும் வினாடி வினாவும் இதற்கு ஈடாகாது. பிள்ளை வகுப்பு முடிந்து வந்ததும் வீட்டில் நடிக்க வைத்துப் பாருங்கள்: 'உன் நண்பன் வீட்டு அலமாரியில் துப்பாக்கியைப் பார்த்துவிட்டாய், அவன் யாரிடமும் சொல்லாதே என்கிறான், இப்போது என்ன செய்வாய்?' சொன்னதற்காகத் திட்டு விழாது என்ற உறுதியையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். திட்டுக்குப் பயந்துதான் நான்காவது படி பல நேரம் நடக்காமல் போகிறது.

இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை வேறு. பூட்டி வைப்பது பற்றிப் பிள்ளைக்குப் பாடம் உண்டு. பூட்டி வைத்தே தீர வேண்டும் என்று வீட்டுப் பெரியவருக்கு இதில் கட்டளை இல்லை. தோட்டா ஏற்றிய, பூட்டாத துப்பாக்கி இருக்கும் வீடுகளில் சுமார் 46 லட்சம் அமெரிக்கக் குழந்தைகள் வாழ்வதாக 2021 கணிப்பு ஒன்று சொல்கிறது. ஐந்து வயதுக் குழந்தையின் தலையில் ஏற்றிய பொறுப்பில் பாதியையாவது பெரியவர் தலையில் ஏற்றியிருக்கலாம்.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் தோட்டாவை எடுத்துவிட்டு, குழலுக்குப் பின்னால் உள்ள தோட்டா அறையையும் திறந்து பார்த்துவிட்டுப் பெட்டியில் பூட்டுங்கள். தோட்டாக்களைத் தனியாகப் பூட்டுங்கள். சாவி இருக்குமிடமோ பூட்டு எண்ணோ பிள்ளைக்குத் தெரியக் கூடாது. உடை அலமாரியின் உச்சித் தட்டு மறைவிடமே அல்ல. துப்பாக்கிக்குள் கம்பியை நுழைத்துப் பூட்டும் கேபிள் பூட்டு வாங்கக் காசு தேவையில்லாமலும் இருக்கலாம்: 'ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப்' திட்டத்தில் பல காவல் நிலையங்கள் இலவசமாகத் தருகின்றன. வீட்டில் துப்பாக்கியே இல்லாதவர்கள், பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன் அங்கே துப்பாக்கி உண்டா, பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். நம்மவர்களுக்கு இப்படிக் கேட்கக் கூச்சமாக இருக்கும். நிலக்கடலை ஒவ்வாமை பற்றிச் சொல்லும்போது சேர்த்துக் கேட்டால் பேச்சு இயல்பாகப் போய்விடும்.