எத்தனை ஜிபி என்று கேட்க முன்னர் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கோ புறக்கோட்டைக்கோ எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு டிரைவ்) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "ஐந்நூறு என்ன விலை, ஒரு டிபி என்ன விலை?" என்பதைத்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னர் ஒன்று இருக்கிறது: உங்கள் மெஷினில் அது எங்கே போய் உட்காரும்? பழுதாகாமல், பொருந்தாததாலேயே திருப்பிக் கொடுக்க வரும் டிரைவ்களும் உண்டு.

லெப்டொப்பின் அடிமூடியைக் கழற்றினால் விடை தெரிந்துவிடும். பழைய மொடலானால் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் மட்டும் இருக்கும். அதற்கு 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாட்டா (பழைய இணைப்பு முறை) எஸ்எஸ்டிதான் சரி. புதியதானால் எம்.2 ஸ்லொட் (பட்டை போன்ற எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயரல்ல. ஒரே வடிவத்தில் சாட்டாவும் வரும், அதைவிட வேகமான என்விஎம்இயும் வரும். தங்கநிறத் தொடுமுனைகள் உள்ள ஓரத்தைப் பாருங்கள். ஒரு வெட்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. இரண்டு வெட்டுள்ளது என்விஎம்இ ஸ்லொட்டுக்குள்ளும் தாராளமாக நுழையும். ஆணியும் இறுகும். பயோஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) மட்டும் தெரியாது. கடையில் "மதர்போர்ட் பழுது" என்று சொல்லிவிட்டால் அதை நம்பி இன்னொரு செலவு. மதர்போர்டின் கையேட்டில் அந்த ஸ்லொட் எதை ஏற்கும் என்று எழுதியிருக்கும், மொடல் இலக்கத்தைத் தேடினால் கிடைக்கும்.

நீளத்தையும் பாருங்கள். 2280 என்றால் 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம். 2242, 2230 என்று குட்டையானவையும் உண்டு. 2230க்கு மட்டும் இடமுள்ள லெப்டொப்பில் 2280ஐ எந்தத் திறமையாலும் பொருத்த முடியாது. வெற்று ஸ்லொட்டானால் ஆணி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல லெப்டொப்களில் அந்தச் சின்ன ஆணியைக் கம்பனி போட்டு அனுப்புவதில்லை. டிரைவைச் சரிவாகச் செருகிவிட்டு, மேலே எழும்பி நிற்கும் நுனியைச் செலோடேப்பால் ஒட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டு திரியும் மெஷினில் சூட்டுக்கு டேப் இளகி, தொடுமுனை விலகி, ஒருநாள் "பூட் டிவைஸ் இல்லை" என்று திரை சொல்லும்.

டெஸ்க்டொப்பில் இன்னொரு பொறி. சில மதர்போர்ட்களில் இரண்டாவது எம்.2 ஸ்லொட்டை நிரப்பினால் ஓரிரு சாட்டா போர்ட்கள் தாமாகவே செயலிழக்கும். எஸ்எஸ்டி போட்ட அன்றே பழைய டிஸ்க் செத்துவிட்டது என்று பதறாமல் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். 11ஆம் தலைமுறை இன்டெல்லும் அதற்குப் பிந்தியதும் கொண்ட லெப்டொப்களில் விண்டோஸ் நிறுவும்போது டிரைவே தெரியாமல் போகலாம். விஎம்டி என்ற இன்டெல்லின் டிஸ்க் கட்டுப்பாட்டு வசதிக்கான டிரைவரைப் பென்டிரைவில் கொடுத்தால் தெரியும். ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் மெஷினில் பயோஸுக்குள் போய் விஎம்டியை நிறுத்தினால் நீலத் திரைதான் வரும்.

இனி வேகம். ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 100 முதல் 200 எம்பி, சாட்டா எஸ்எஸ்டி ஏறத்தாழ 550, மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500, நான்காம் தலைமுறை 7,000. ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது உணரும் மாற்றம் இந்த எண்களால் வருவதில்லை. ஹார்ட் டிஸ்க்கின் ஊசி ஒரு கோப்பைத் தேடிப் போகவே பத்து மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்கும், எஸ்எஸ்டிக்கு அதில் நூறிலொரு பங்கும் வேண்டாம். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை வாசிப்பதால் அந்த மிச்சம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கணக்கு எழுதவும் டியூஷன் நோட்ஸ் அடிக்கவும் 7,000 தேவையில்லை. அந்தக் காசுக்கு ரேமைக் கூட்டுங்கள்.

அளவுக்கு வருவோம். 1 டிபி என்று விற்பதை விண்டோஸ் 931 ஜிபி என்றும், 256ஐ 238 என்றும் காட்டும். ஏமாற்றல்ல, தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்து அதை இரட்டிப்பாக்கி, மேலே 15 வீதம் வெறுமையாக விடுங்கள். சாதாரணப் பாவனைக்கு 500 ஜிபி போதும்.

கலியாண வீட்டு வீடியோ எடுப்பவர்களின் கணக்கு வேறு. செக்கனுக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கெமரா, ஆறு மணித்தியாலம் என்றால் ஒரே கலியாணம் 540 ஜிபி. மலிவான கியூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும்) எஸ்எஸ்டியில் இதை ஒரே மூச்சில் கொட்டினால், முன்பகுதிக் கேஷ் (வேகமாக எழுதும் தற்காலிக இடம்) நிரம்பியதும் வேகம் ஹார்ட் டிஸ்க்கை விடவும் கீழே விழக்கூடும். அவர்கள் டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்), டிராம் (டிரைவுக்கென்று தனி நினைவகம்) இரண்டும் உள்ளதாகப் பார்த்து 2 டிபி எடுத்து, முடிந்த வேலையை 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்குவது நல்லது. எஸ்எஸ்டியை அலுமாரியில் பூட்டி வைக்கும் பெட்டகமாகப் பாவிக்காதீர்கள். எழுதித் தேய்ந்த ஒன்று மின்சாரமின்றி நீண்டகாலம் கிடந்தால் தரவை இழக்கலாம்.

சிசிடிவிக்கு: கெமரா ஒன்று செக்கனுக்கு 4 மெகாபிட்டில் ஓடினால் நாளுக்கு 43 ஜிபி. நான்கு கெமராவுக்கு 1 டிபி ஆறு நாளுக்கும் போதாது. மாதக் கணக்கு வேண்டுமென்றால் 6 டிபி, அதுவும் கண்காணிப்புக்கென்று செய்த டிஸ்க்.

நடைபாதையிலும் இணையத்திலும் சில்லறை விலைக்குக் கிடைக்கும் "16 டிபி" வெளி எஸ்எஸ்டிக்குள் ஒரு மெமரி கார்ட் ஒட்டப்பட்டிருக்கும். விண்டோஸிலும் 16 டிபி என்றே காட்டும், உண்மையான இடம் நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டினால் சாயம் வெளுத்துவிடும். பாவித்த ஹார்ட் டிஸ்க்கானால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் 05, சி5 ஆகிய இரண்டு வரிகளும் (பழுதான, பழுதென்று சந்தேகிக்கும் பகுதிகளின் எண்ணிக்கை) பூச்சியமா என்று பாருங்கள். டிஸ்க் ஓடிய மணித்தியாலமும் அதில் தெரியும். ஒரு வருடம் என்பது 8,760 மணித்தியாலம். "புதுசு" என்று தந்ததில் 20,000 இருந்தால் கேள்வி கேளுங்கள்.

மாற்றிய பிறகு பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காதீர்கள். 2.5 அங்குலம் யூஎஸ்பி கேஸிலேயே ஓடும், 3.5க்கு 12 வோல்ட் அடப்டர் வேண்டும். ஆனால் பிட்லொக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் வெளியே எடுத்த டிஸ்க் திறக்காது. மூடியில் கைவைக்க முன்னர் அதைக் கடதாசியில் எழுதி வையுங்கள்.