பிள்ளையின் மனநோயைப் பிள்ளையே மொழிபெயர்க்கக் கூடாது

வேற்று நாட்டில் குடியேறிய குடும்பம். 14 வயதுப் பெண் பல வாரங்களாகத் தூங்குவதில்லை, கையில் தன்னையே கீறிக்கொண்ட தழும்புகள். உயிரை விடும் எண்ணம் வருவதாக மருத்துவரிடம் சொல்லிவிடுகிறாள். "இதை அம்மாவிடம் சொல்லிவிடு" என்கிறார் அவர். அந்த நாட்டு மொழி தெரியாத அம்மாவிடம் திரும்பி, "பரீட்சை பயம்தானாம், நல்லாத் தூங்கச் சொல்றாங்க" என்கிறாள். அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். இதே மாதிரி இன்னொரு கேஸ் வந்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

"பிள்ளைக்கு இரண்டு மொழியும் தெரியுமே, மொழிபெயர்க்க வெளியாள் எதற்கு?" பெற்றோரும் கேட்கிறார்கள், என் மனநலத் துறைக்காரர்களும் கேட்கிறார்கள். தயவுசெய்து கொஞ்சம் யோசியுங்கள். அந்தப் பிள்ளை பதற்றம், வெறுமை, வெட்கம் பற்றியெல்லாம் பேசக் கற்றது பள்ளிக்கூட மொழியில். வீட்டு மொழியில் அவளிடம் இருப்பது பெரும்பாலும் அன்றாடப் புழக்கத்துக்கான சொற்கள்தான். சொற்கள் இருந்தாலும் சொல்ல மாட்டாள். கடனும் இரட்டை வேலையுமாக நிற்கும் பெற்றோர்மேல் இன்னொரு சுமையை ஏற்றக் கூடாது என்று அவளே முடிவு செய்திருப்பாள். அப்பா கலங்கிப்போய், "இவளுக்காகத்தானே எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோம்" என்கிறார். தன்மேல் விழுந்த அந்தப் பழியையும் அவளே மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டுமா? ஏற்கெனவே வங்கிக் கடிதம், விசா படிவம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அவள் தலையில். சிகிச்சை அறையிலாவது அவள் பிள்ளையாக இருக்கட்டும்.

அண்ணன், தம்பி, மாமா? அதுவும் வேண்டாம். தம்பி தாங்க முடியாத ரகசியத்தோடு வீடு திரும்புவான். ஊர்க்காரரை அழைத்து வந்தாலோ, செய்தி வெளியே போய்விடும் என்ற பயத்தில் அவள் வாயே திறக்க மாட்டாள்.

மருந்து எழுதும்போது இது உயிர் விஷயம். ஃபுளூவாக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகளைத் தொடங்கிய முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் சில இளையோருக்கு நிலைகொள்ளாமையும் தற்கொலை எண்ணமும் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004 முதல் இதற்குக் கடும் எச்சரிக்கை வைத்திருக்கிறது. அதற்காக மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். குணம் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். இக்காலத்தில் கண்காணிக்க வேண்டியவர்கள் பெற்றோர். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பூட்டி வைத்து, அன்றன்றைய மாத்திரையைக் கையில் கொடுக்க வேண்டியவர்களும் அவர்களே. இந்தச் சேதி ஆபத்தில் இருக்கும் பிள்ளையின் வாய் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும் என்றால் அதற்குப் பெயர் பாதுகாப்புத் திட்டமா?

அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மொழியின் பெயர் மட்டும் போதாது, எந்த நாட்டு வழக்கு, மொழிபெயர்ப்பவர் ஆணாக வேண்டுமா பெண்ணாக வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள். சின்ன சமூகமாக இருந்தால் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பே நல்லது, முகம் தெரியாது.

துறை நண்பர்களுக்கு: நேரத்தை இரட்டிப்பாக ஒதுக்குங்கள். தொடங்கும் முன் 5 நிமிடம் மொழிபெயர்ப்பாளரிடம் தனியாகப் பேசி, தற்கொலை பற்றிக் கேட்கப்போவதைச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அவரே தயங்கிக் கேள்வியை மழுப்பிவிடுவார். அம்மாவின் முகம் பார்த்துப் பேசுங்கள், ஓரிரு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். எது ரகசியமாக இருக்கும், எது உயிராபத்து என்றால் பெற்றோரிடம் சொல்லப்படும் என்பதை முதலில் எல்லோரும் இருக்கும்போதே விளக்குங்கள். பிறகு பிள்ளையிடம் தனியாக, பெற்றோரிடம் தனியாக, கடைசியில் சேர்ந்து. புறப்படும் முன், வீட்டில் என்ன செய்யப்போகிறார்கள் என்று பெற்றோரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டுவதை நம்பாதீர்கள்.

மனநோய்களைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில் பண்பாட்டுப் பின்னணியை அறிய 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் இருக்கிறது. இந்தப் பிரச்சினையை வீட்டில் என்னவென்று சொல்கிறீர்கள், எதனால் வந்ததாக நினைக்கிறீர்கள், இதுவரை எங்கே உதவி தேடினீர்கள் என்று கேட்கும் கேள்விகள்தான். "இந்த நாட்டுக்காரர்கள் இப்படித்தான்" என்று ஊகிப்பதைவிடக் கேட்டுவிடுவது மேல்.

பெற்றோரே, மொழி தெரியாததற்கு வெட்கப்பட வேண்டாம். மருத்துவர் கேட்டதால் பிள்ளைக்குச் சாகும் எண்ணம் வந்துவிடாது. நீங்கள் கேட்டாலும் வராது, நேராகவே கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும், "அங்கே என்னடி சொன்னே?" என்று துருவாதீர்கள். விசாவுக்குப் பாதகம் வருமோ என்ற பயம் இருந்தால், பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள், யார் பார்ப்பார்கள் என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகவே கேட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு அவசர நிலை. பிள்ளை மாத்திரைகளை விழுங்கிவிட்டாலோ, இப்போதே ஏதாவது செய்துகொள்வேன் என்று சொன்னாலோ யாருக்கும் காத்திருக்காதீர்கள். தனியே விடாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள், பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் பேசட்டும். ஆபத்து தாண்டியதும், அன்று பேசப்பட்ட எல்லாவற்றையும் பயிற்சி பெற்றவரை வைத்து முதலிலிருந்து மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.