இறக்குமதி செய்ய ஏற்றி எதற்கு?

பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைத் தமிழில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டார்: "சார், இம்போர்ட்னா இறக்குமதின்னு சொன்னீங்க. இப்ப லோடர்னா ஏற்றின்னு சொல்றீங்க. இறக்குறதுக்கு எதுக்கு சார் ஏத்துற ஆளு?" நல்ல கேள்வி. அதற்கு விடை தேடிப் போனால் இரண்டு சொற்களும் பைத்தானின் உள்வேலையும் ஒன்றையொன்று விளக்கிவிடுகின்றன.

இம்போர்ட் என்பதன் வேர் லத்தீனில் இருக்கிறது. 'இன்' என்றால் உள்ளே, 'போர்ட்டாரே' என்றால் சுமந்து செல்வது. ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் போர்ட்டரும் இதே வேரில் பிறந்தவர்தான். ஆக, இம்போர்ட் என்றால் உள்ளே சுமந்து வருவது. அதில் மேல், கீழ் என்ற பேச்சே இல்லை.

நம் மொழியில்தான் மேல், கீழ் உண்டு. கப்பலிலிருந்து கீழே வருவதால் இறக்குமதி, கப்பலுக்கு மேலே போவதால் ஏற்றுமதி. தெலுங்கிலும் இதே பார்வைதான்: திகுமதி, எகுமதி. மலையாளத்திலும் இறக்குமதி உண்டு. எல்லாம் கப்பலின் தளத்தில் நின்று பார்த்து வைத்த பெயர்கள்.

ஆனால் தமிழில் இதற்கு நேர்மாறான பார்வையும் இருந்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைப் பாடும் பட்டினப்பாலையில் "நீரினின்று நிலத்தேற்றவும்" என்று வருகிறது. கடல்வழி வந்த சரக்கை நிலத்தில் ஏற்றுகிறார்கள். நாம் இன்று இறக்குமதி என்று சொல்வதைத்தான் அதைப் பாடிய உருத்திரங்கண்ணனார் ஏற்றுதல் என்கிறார். கரையில் நிற்பவருக்குச் சரக்கு கீழே இறங்குவதில்லை, நீர்மட்டத்திலிருந்து மேலே ஏறி வருகிறது. நிகழ்ச்சி ஒன்றுதான், நிற்கும் இடம்தான் வேறு. இந்த வரியைப் பார்த்த பிறகுதான் மாணவிக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது.

பைத்தானில் 'இம்போர்ட் ரேண்டம்' என்று ஒரு வரி எழுதுகிறோம். ரேண்டம் என்பது குலுக்கல் எண்களைத் தரும் மாட்யூல்; மாட்யூல் என்றால் வேண்டும்போது எடுத்துக்கொள்ளத் தனியாக எழுதிவைத்த நிரல் துண்டு. அந்த ஒரு வரி இரண்டு வேலை செய்கிறது. கேட்ட மாட்யூலைத் தேடிப் பிடிப்பது ஒன்று, நம் கோப்புக்குள் அதற்கு ஒரு பெயரைக் கட்டிவைப்பது இன்னொன்று. தேடுவதற்கு முன்பு 'சிஸ் மாட்யூல்ஸ்' என்ற பட்டியலைப் பைத்தான் பார்க்கிறது. ஏற்கெனவே வந்து சேர்ந்தவை எல்லாம் பெயரோடு அதில் இருக்கும். அங்கே ரேண்டம் இருந்தால் தேடலே கிடையாது, எடுத்துக் கொடுத்துவிடும். இல்லையென்றால்தான் தேடுபவர்களைக் கூப்பிடும். வழக்கமாக அவர்கள் மூன்று பேர்: பைத்தானுக்குள்ளேயே கட்டப்பட்டவற்றை அறிந்தவர், உறைய வைத்தவற்றை (முன்பே மொழிபெயர்த்துப் பைத்தானோடு சேர்த்து வைத்தவற்றை) அறிந்தவர், வட்டில் இருக்கும் கோப்புறைகளை வரிசையாகத் துழாவுபவர். யாராவது ஒருவர் கண்டுபிடித்ததும், லோடர் எனப்படும் 'ஏற்றி' அதை நினைவகத்தில் ஏற்றுகிறது.

ஆகவே ஒரு நிரலில் பத்துக் கோப்புகள் ரேண்டத்தைக் கேட்டால் இறக்குமதி பத்து முறை நடக்கும், ஏற்றுவது ஒரே முறைதான். நம் கோப்பில் நின்று பார்த்தால் சரக்கு நம் கைக்கு இறங்குகிறது. நினைவகத்தில் நின்று பார்த்தால் சரக்கு மேலே ஏறுகிறது. எனவே இறக்குமதியும் ஏற்றியும் முரண்பட்ட சொற்கள் அல்ல. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளவும் வேண்டும். 'ஏற்றி' என்பது வினையெச்சம் போலவும் ஒலிக்கிறதே என்று சிலர் தயங்குவார்கள். உலாவியும் அப்படித்தான் ஒலித்தது, இன்று யாருக்கும் உறுத்துவதில்லை.

சரி, மாட்யூல்? லத்தீனில் 'மோடுஸ்' என்றால் அளவு, 'மாடுலுஸ்' என்றால் சிற்றளவு. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் டோரிக் பாணிக் கோயிலை அளக்கும்போது தூணின் பருமன் இரண்டு மாடுலுஸ் என்று கணக்குச் சொல்கிறார். தமிழில் தொகுதி என்றும் கூறு என்றும் எழுதுகிறார்கள். தொகுதி எனக்கு ஒத்துவரவில்லை. பக்கத்திலேயே, பல மாட்யூல்களைச் சேர்த்துக் கட்டிய பேக்கேஜுக்குத் தொகுப்பு என்ற சொல் நிற்கிறது, படிப்பவர் ஒன்றை மற்றொன்றாக வாசித்துவிடுவார். என் தேர்வு மட்டு. கணக்குப் பாடநூலில் மட்டு எண்கணிதம் படித்தவர்களுக்கு அது பழகிய சொல், தமிழிலும் அதற்கு அளவு என்றே பொருள். "அளவு மட்டு தெரியாமல்" என்று வீட்டில் திட்டுவோமே, அதே மட்டு.

அப்புறம் ஸ்பெக். தேடுபவர் கண்டுபிடித்த மட்டுவை அவரே தூக்கி வருவதில்லை. அதைப் பற்றிய ஒரு சீட்டை மட்டும் எழுதிக் கொடுப்பார். பெயர் என்ன, எங்கிருந்து வருகிறது, ஏற்ற வேண்டியது யார், தொகுப்பாக இருந்தால் உள்மட்டுகளை எங்கே தேடுவது என்பதெல்லாம் அதில் இருக்கும். பைத்தானை உருவாக்குபவர்களில் ஒருவரான எரிக் ஸ்னோ 2013இல் முன்வைத்த 451ஆம் மேம்பாட்டு முன்மொழிவின் வழியாக இது பைத்தானுக்கு வந்தது. 2014 மார்ச்சில் வெளியான 3.4 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முன்பு தேடுபவர் நேராக ஏற்றியையே கையில் கொடுப்பார், மற்றதெல்லாம் ஏற்றியின் தலையில் விழும். ஸ்பெக்குக்கு 'விவரக்குறிப்பு' என்று எழுதுவது வழக்கம். லாரியில் சரக்கோடு வரும் சீட்டைப் பார்த்தவர்களுக்கு 'விவரச்சீட்டு' இன்னும் சட்டென்று புரியும். சரக்குக்கு முன்னால் சீட்டு என்பதுதான் இங்கே சேதி.

அந்தச் சீட்டால் என்ன பயன் என்று அதே மாணவியே அடுத்த வாரம் காட்டிவிட்டார். தாயக்கட்டை உருட்டும் நிரல் எழுதியிருந்தார். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 0 முதல் 3 வரை. ஓட்டினால், பாதி மட்டுமே தொடங்கிய ரேண்டம் மட்டுக்குள் ரேண்டின்ட் (குலுக்கி ஒரு முழு எண்ணைத் தரும் கட்டளை) இல்லை என்று பிழை. எழுத்துப்பிழை எங்கேயும் இல்லை. இறக்குமதி வரிக்குக் கீழே, ரேண்டத்தின் விவரச்சீட்டில் 'ஆரிஜின்' (எங்கிருந்து வந்தது) என்ற இடத்தில் இருப்பதை அச்சிடும்படி ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். திரையில் வந்த முகவரி அவருடைய சொந்தக் கோப்புறை. நிரல் கோப்புக்கு அவர் வைத்திருந்த பெயரே ரேண்டம்! கோப்புறைகளைத் துழாவும்போது நிரல் இருக்கும் கோப்புறைதான் முதலில் வரும் என்பதால், பைத்தானோடு வந்த ரேண்டம் வரை தேடல் போகவே இல்லை. ஏற்றி ஒரு மட்டின் வரிகளை ஓட்டுவதற்கு முன்பே பைத்தான் சிஸ் மாட்யூல்ஸ் பட்டியலில் அதன் பெயரைப் போட்டுவிடும், இரண்டு மட்டுகள் ஒன்றையொன்று கேட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக. அவருடைய கோப்பு தன்னையே கேட்டது, பாதி ஏறிய தன்னையே பெற்றது. 3.13 பதிப்பிலிருந்து பிழைச் செய்தியிலேயே கோப்பின் பெயரை மாற்றிப் பார்க்கச் சொல்லிவிடுகிறார்கள். அந்த வகுப்பறைக் கணினியில் இருந்தது பழைய பதிப்பு.

கோப்பின் பெயரைத் தாயம் என்று மாற்றினார். முதல் உருட்டலில் ஐந்து விழுந்தது.